34 சதவீதத்தில் நின்ற ஃபார்மட்: ஒரு நண்டுக் கம்பெனிக் கணினியின் கதை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்கு வேலை கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். போட்டுக்காரர்கள் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கம்பெனிக்காரர்கள் வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ரிப்பேரையெல்லாம் அப்போதுதான் கையில் எடுப்பார்கள். அப்படி ஒரு மே மாதக் காலையில், பாம்பனில் குந்துகால் போகிற வழியில் உள்ள ஒரு நண்டுக் கம்பெனியின் சிபியு, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சாக்கு சுற்றி உட்கார்ந்து, ரோட்டுப் பாலத்தைத் தாண்டி மண்டபத்தில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது முதலாளியின் மகன்.

"ஹார்டு டிஸ்க் போச்சுண்ணே. பூட் ஆகவே இருபது நிமிசம் ஆச்சு. சரின்னு ஃபார்மட் அடிச்சேன், 34-ல நின்னுருச்சு. லோ லெவல் ஃபார்மட் போட்டா சரியாயிரும்னு சொல்றாங்க. போட்டுக் குடுத்துருங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"கணக்குதான். ஆனா அது டி டிரைவ்ல இருக்கு. நான் சி-யத்தான் அடிச்சேன்."

இந்தப் பதிலை நான் எப்போதும் நம்புவதில்லை. கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "டேலி டி-யிலதான் தம்பி இருக்கு. போட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ் கணக்கு மட்டும் எக்செல்ல போட்டு வச்சிருக்கேன்" என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஸ்கிரீன்லதான்."

ஸ்கிரீன் என்றால் டெஸ்க்டாப். டெஸ்க்டாப் என்றால் சி டிரைவ். இந்தக் கரையில் அட்வான்ஸ் கணக்கு என்பது சின்ன விஷயமில்லை. கம்பெனி போட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்கும். அவர் பிடித்த நண்டையும் கணவாயையும் அந்தக் கம்பெனிக்கே போட்டுக் கழித்துக்கொண்டு வருவார். எந்தப் போட்டுக்கு எவ்வளவு, எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்பது அந்த ஒரே ஃபைலில் இருந்தது. சிபியு கொண்டுவந்த தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. லோ லெவல் ஃபார்மட் பேச்சு அத்தோடு நின்றது.

கணினியைப் பற்றிக் கொஞ்சம். பென்டியம் 4, இன்டெல் 865 சிப்செட் போர்டு, 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. 160 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை. அதில் சி 40 ஜிபி, டி 120 ஜிபி. இந்தக் காலத்தில் இதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள், நண்டு எடை போடும் மெஷின் சீரியல் போர்ட்டிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் பேரலல் போர்ட்டிலும் மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டும் இன்னும் ஓடுகின்றன. ஓடுகிறதை எவன் மாற்றுவான்?

முதல் வேலையாகத் தம்பி என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், ஆனால் பாதி விடை இதில்தான் கிடைக்கும். வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டிருக்கிறார். சர்வீஸ் பேக், அதாவது பின்னால் வந்த திருத்தத் தொகுப்பு, எதுவும் சேராத முதல் சிடி. நீலத் திரையில் டிஸ்க் அளவு 1,31,000 எம்பி சொச்சம் என்று காட்டியிருக்கிறது. "இருபது ஜிபிக்கு மேல காணோம்ணே, அதான் டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிறகு சி-யைத் தேர்ந்தெடுத்து, குவிக் இல்லாத முழு ஃபார்மட் கொடுத்திருக்கிறார். மஞ்சள் பட்டை 34 சதவீதம் வரை வந்து, அரை மணி நேரம் அசையாமல் நின்று, கடைசியில் ஃபார்மட் செய்ய முடியவில்லை, டிஸ்க் பழுதாகி இருக்கலாம் என்று சொல்லிவிட்டது.

காணாமல் போன இருபது ஜிபி எங்கும் போகவில்லை. டிஸ்க் தகவலை 512 பைட் துண்டுகளாக வைக்கும், ஒரு துண்டுக்குப் பெயர் செக்டர். பழைய ஐடிஇ முறையில் செக்டருக்கு எண் போட 28 பிட்தான் உண்டு. 2-இன் 28-ஆம் அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 1,31,072 எம்பி. அதற்கு மேல் எண்ண 48 பிட் முறை வேண்டும். எக்ஸ்பிக்கு அது சர்வீஸ் பேக் 1-இல்தான் வந்தது. ஆக சிடிக்கு அந்த எண்ணிக்கைக்கு மேல் எண்ணத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த எக்ஸ்பி மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தால், டி டிரைவின் கடைசிப் பகுதியில் ஏதாவது எழுதப் போய் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கும். ஃபார்மட் தோற்றது முதல் நல்ல காரியம்.

இரண்டாவது நல்ல காரியமும் அந்தப் பழைய சிடியால்தான். எக்ஸ்பியின் முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டராக வாசித்து மட்டும் பார்க்கும். எல்லாம் வாசித்து முடிந்த பிறகுதான் புது ஃபைல் சிஸ்டத்தை எழுதும். விஸ்டாவில் இருந்து வந்த ஃபார்மட் அப்படியில்லை, போகிற வழியெல்லாம் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகும். தம்பி கையில் விண்டோஸ் 7 டிவிடி இருந்திருந்தால், 34 சதவீதத்துக்குள் ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும் இடம் துடைத்துப் போயிருக்கும். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் அந்தப் பட்டியலை எக்ஸ்பியில் வழக்கமாக மூன்றாவது ஜிபி பக்கம் வைக்கும். 34 சதவீதம் என்பது பதிமூன்று ஜிபியைத் தாண்டிய இடம்.

சிபியுவைத் திறந்தேன். கருவாட்டு வாடை, இரண்டு பல்லி முட்டை, கரண்டு கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் இறக்கையில் பிசுபிசுவென்று கருப்பாக ஒரு படை. கேபினெட் ஸ்க்ரூ எல்லாம் துரு. இதெல்லாம் எங்கள் ஊரில் சாதாரணம். டிஸ்க்கில் இருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்ததில்தான் நின்றேன். ஐடிஇ டிஸ்க்கில் 39 பின் இருக்கும். நாற்பதில் நடுவில் ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், கேபிளைத் தலைகீழாகச் சொருகாமல் இருக்க. அந்த 39-இல் ஒரு ஓரத்து ஏழெட்டுப் பின்களின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் ஏறுமே, அதே பச்சை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கேபிள் பக்கத்து ஓட்டைகளிலும் அதுவே.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பாம்பனில் அந்த ஈரம் வர மழைக்காலம் வர வேண்டாம், பல ராத்திரி போதும். அந்தக் கம்பெனி அலுவலக ஜன்னல் தென்கடலைப் பார்த்தது. கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் அலைத்துளி நேராக உள்ளே வரும். கணினி ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் உப்பு காய்ந்து கிடக்கும். அணைத்துவிட்டுப் போன பிறகுதான், ஆறிப்போன பின்களின் மேல் உப்புத் தண்ணீராகி வேலையைக் காட்டும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பையே இந்தக் காற்று தின்றது. ஊசி மாதிரி பின் எம்மாத்திரம்.

இனி நான் செய்த தப்பு. என் மேஜைக் கணினியில் வேறு ஒரு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. பின்களை மேலோட்டமாகத் துடைத்து, அதே கேபிளை மாட்டி, அவர்கள் கணினியிலேயே பென்டிரைவில் இருந்து லினக்ஸ் ஏற்றினேன். முதலில் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தேன். ஓடிய நேரம் 19,406 மணி. ஒரு நாளைக்கு எட்டு மணி, வருஷத்துக்கு 300 நாள் என்றால் எட்டு வருஷ உழைப்பு. எண் 5, அதாவது பழுதாகி உதிரி இடத்துக்கு மாற்றிய செக்டர்கள், 12. எண் 197, வாசிக்க முடியாமல் முடிவெடுக்காமல் நிறுத்தி வைத்தவை, 41. எண் 199, கேபிள் வழியாகப் போகும்போது தகவல் சிதைந்த தடவைகள், 2,317.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் கையை எடுத்திருக்க வேண்டும். டிஸ்க்கின் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வழியில் நடந்த விபத்துக் கணக்கு. எக்ஸ்பி இப்படி ஆறு பிழை பார்த்தால், டிஸ்க்கில் இருந்து தகவல் வேகமாக வரும் டிஎம்ஏ முறையின் வேகத்தை ஒரு படி இறக்கும், இறக்கி இறக்கிக் கடைசியில் பிஐஓ என்ற ஆமை முறைக்குக் கொண்டு வந்துவிடும். இருபது நிமிஷ பூட்டுக்கு விளக்கம் அதுதான். இத்தனை தெரிந்தும், பரவாயில்லை, துடைத்தோமே என்று, பழுதான டிஸ்க்கை நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளைத் தட்டி 500 ஜிபி டிஸ்க்குக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் திரை முழுக்கப் பிழை. 3 ஜிபியில் ஒன்று, 9-இல் ஒன்று, 22-இல் இரண்டு என்று வாரி இறைத்த மாதிரி. அதில் ஓர் இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் ஒழுங்காக வாசிக்கிறது. முதலில் வந்த வேறு இடம் இப்போது பிழை. 199-ஐப் பார்த்தேன், 2,391. அரை மணியில் 74 கூடியிருக்கிறது.

நிறுத்தினேன். நிஜமான பேட் செக்டர் விலாசம் மாற்றாது. எத்தனை தடவை போனாலும் அதே வீட்டில்தான் இருக்கும். பிழை ஊர் ஊராகச் சுற்றினால் அது டிஸ்க் இல்லை, கேபிள் அல்லது கரண்டு. இதைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். சோம்பேறித்தனத்தில் நானே மறந்தேன்.

மல்டிமீட்டரை எடுத்து, டிஸ்க்குக்குப் போகும் மஞ்சள் ஒயரில் அளந்தேன். டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் 11.2 வோல்ட். 12 வோல்ட்டில் 5 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக எஸ்எம்பிஎஸ்ஸும் கூட்டாளி. மேஜையைக் காலி பண்ணி, டிஸ்க்கைக் கழற்றி, பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் குழந்தைகள் டூத்பிரஷுமாகத் தேய்த்து, பழைய ஸ்டாக்கில் பிரிக்காமல் இருந்த 80 கம்பிக் கேபிளைப் போட்டு என் கணினியில் மாட்டினேன். 40 கம்பிக் கேபிளும் பொருந்தும், ஆனால் அதில் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது.

மறுபடி டிடிரெஸ்க்யூ, இந்த முறை பிழை வந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகச் சொல்லி. நல்ல பகுதி முழுவதும் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டது. 199 அதே 2,391-இல் அசையாமல் நின்றது. சுற்றித் திரிந்த பிழைகள் அத்தனையும் காணோம். மிச்சம் இருந்தவை இரண்டே திட்டு: ஒன்று சி டிரைவில், சரியாக அந்த 34 சதவீதத்துப் பக்கம், இன்னொன்று டி-யில், 71 ஜிபி பக்கத்தில். அந்த இரண்டு திட்டையும் சுரண்டி எடுக்க ராத்திரி முழுக்க ஆனது. காலையில் வந்து பார்த்தால் வாசிக்கவே முடியாதவை 43 செக்டர், மொத்தம் 21.5 கேபி. 160 ஜிபியில் அவ்வளவுதான் போனது.

டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இனி எல்லாம் நகலில். சி-யின் முதல் செக்டரான பூட் செக்டர் மட்டும் அழிந்திருந்தது. என்டிஎஃப்எஸ் அதற்கு ஒரு நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் அதை எடுத்து முன்னால் போட்டதும் பழைய டெஸ்க்டாப் அப்படியே எழுந்து வந்தது. எக்செல் ஃபைலைத் திறந்து, திரையை ஃபோனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஃபோன் வந்தது. "கடைசி வரி பதினாலாந் தேதிதான தம்பி? சரியா இருக்கு. நான் நேத்திலேர்ந்து சாப்பிடல."

43-இல் 31 சி டிரைவில், விண்டோஸின் சொந்த ஃபைல்களில் விழுந்திருந்தது. அதைப் பற்றிக் கவலையில்லை. டி-யில் 12. எந்தக் கிளஸ்டர் (சில செக்டர் சேர்ந்த கட்டு) எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று தேடியதில் ஒரு பாட்டும், முதலாளி புதுப் போட்டுக்கு முன்னால் மாலையோடு நிற்கும் ஒரு போட்டோவும் மாட்டின. போட்டோ திறந்தது, மேல் பாதி நன்றாக இருந்தது, கீழ் பாதி சாம்பல் நிறம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேல நான் தெரியிறேன்ல, போதும்ப்பா. போட்டுதான் கரையிலயே நிக்கிதே, போய்ப் பாத்துக்கிறலாம்."

கணக்கு பத்திரமான பிறகுதான் டிஸ்க்குக்குச் சோதனை. தம்பி கேட்ட லோ லெவல் ஃபார்மட் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஐடிஇக்கு முந்தைய எம்எஃப்எம் டிஸ்க் காலத்தில் அது நிஜமாகவே உண்டு; டாஸில் டீபக் திறந்து 'ஜி=சி800:5' என்று தட்டினால் கன்ட்ரோலர் தட்டில் தடமும் செக்டரும் புதிதாகப் போடும். ஐடிஇ வந்த பிறகு அது தொழிற்சாலையோடு சரி. இப்போது அந்தப் பெயரில் சுற்றும் மென்பொருள் செய்வதெல்லாம் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவது. அது சில டிஸ்க்கைக் குணமாக்குவதும் உண்மைதான், அதனால்தான் அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை.

எப்படிக் குணமாகிறது? ஒவ்வொரு 512 பைட்டுக்கும் பின்னால் டிஸ்க் ஒரு திருத்தக் குறியீட்டை எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் பாதி புதுசு, பாதி பழசு என்று ஆகிக் குறியீடு ஒத்துப்போகாது. தட்டில் ஒரு கீறலும் இருக்காது, ஆனால் அந்த செக்டரை வாசிக்க முடியாது. பழைய தகவல் என்றைக்காவது வாசிக்கக் கிடைக்கலாம் என்பதால் டிஸ்க் தானாக அதைத் தூக்கி எறியாது. 197-இல் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். யாராவது அதன் மேல் புதிதாக எழுதினால்தான் முடிவு செய்யும்: எழுத்து நின்றால் அந்த இடம் நல்லது, நிற்காவிட்டால் உதிரிக்கு மாற்று. அந்தக் கம்பெனி யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. கரண்டு போனால் சிபியு பொட்டென்று அணையும்.

லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற கட்டளையை எழுதிப் பார்க்கும் முறையில் ஓட்டினேன். 1010, அதற்கு எதிராக 0101, பிறகு எல்லாம் 1, எல்லாம் 0 என்று நான்கு தடவை முழு டிஸ்க்கையும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்ப வாசிக்கும். உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், ஆகவே நகல் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. ஒன்பதரை மணி நேரம் ஆனது. முடிவில் 197-இல் இருந்த 43-ம் பூஜ்யமானது. எண் 5, 12-இலிருந்து 19 ஆனது. அதாவது 36 செக்டர் வெறும் கரண்டு காயம், எழுதியதும் ஆறிவிட்டது. ஏழுதான் நிஜப் புண். இரண்டாம் நாள் இன்னொரு சுற்று ஓட்டினேன். 19 அப்படியே நின்றது.

"அப்ப நல்லாயிருச்சுல்லண்ணே, இதையே போட்டுருங்க" என்றார் தம்பி. போடவில்லை. உதிரிக்கு மாறிய செக்டர் 19 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அவை பக்கம் பக்கமாகத் திட்டாக இருந்தன, அது எனக்குப் பிடிக்கவில்லை. தனித்தனியாக உதிர்கிற முடியைப் பார்த்துப் பயப்பட மாட்டோம். ஓரிடத்தில் வட்டமாகக் கொட்டினால் டாக்டரிடம் போவோம் இல்லையா.

865 போர்டில் ஐடிஇக்கு அடுத்து வந்த சாட்டா வகைப் போர்ட் இரண்டு உண்டு, இத்தனை வருஷமாகச் சும்மாவே கிடந்தன. அதில் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். 137 ஜிபிக்குள் இருப்பதால் 28 பிட் பஞ்சாயத்தும் இல்லை. எக்ஸ்பி தானாகப் பார்ட்டிஷன் போட்டால் 63-ஆம் செக்டரில் தொடங்கும், அது எஸ்எஸ்டிக்கு ஒத்து வராது. ஆகவே லினக்ஸிலேயே 2048-இல் தொடங்கும்படி பார்ட்டிஷன் போட்டுவிட்டு, சர்வீஸ் பேக் 3 சேர்ந்த எக்ஸ்பியை ஏற்றினேன். எக்ஸ்பியை இனி நெட்டில் விடக் கூடாது என்பதால் லேன் ஒயர் மாட்டவில்லை. எஸ்எம்பிஎஸ் புதுசு, யுபிஎஸ்ஸுக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதுசு.

கணினியைத் திரும்ப வைக்க நானே போனேன். தென்கடல் ஜன்னலோரம் வேண்டாம் என்று உள்சுவர் பக்கம் மேஜையை நகர்த்தினோம். தடைக்காலத்திலும் தினம் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், உள்ளே சூடு இருக்கட்டும் என்று சொன்னேன். அக்காவுக்கு இரண்டு பென்டிரைவ். சனிக்கிழமைக்கு ஒன்று மாற்றி ஒன்று, ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் வீட்டுக்குப் போய்விடும். அட்வான்ஸ் ஃபைலை ஸ்கிரீனில் இருந்து எடுத்து டேலி நகலோடு சேர்த்து வைத்தேன். ஸ்கிரீனில் அதற்கு ஒரு ஷார்ட்கட் மட்டும், இல்லாவிட்டால் அவர் தேடுவார்.

பழைய டிஸ்க்கை முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் ஒரு கணினியில் பாட்டுப் போட்டு ஓட விட்டேன். மூன்று மாசம் கழித்துப் பார்த்தபோது 199 அதே 2,391. ஆனால் எண் 5, 19-இலிருந்து 23 ஆகியிருந்தது, 197-இல் புதிதாக இரண்டு. கழற்றிப் பிரித்துவிட்டேன். உள்ளே இருந்த காந்தம் இப்போது மேஜை ஓரத்தில் சின்ன ஸ்க்ரூக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.